4294967295, 4294967296, 4294967297: ஒட்டி நிக்கிற மூணு நம்பர், ஒட்டாத மூணு குணம்

ஒரு பெரிய முழு எண்ணை எடுத்து அதோட கணிதப் பண்பு என்னன்னு தேடினா வரிசையா லேபிள் கொட்டும். பகு எண், செமிபிரைம், ஸ்கொயர்ஃப்ரீ, குறைவெண், சோக எண், ஈவில் எண், ஹர்ஷத் இல்ல, ஸ்மித் இல்ல, பாலிண்ட்ரோம் இல்லன்னு இருபது முப்பது வரும். படிக்கிறவங்களுக்குக் குழப்பம் வர்றது நியாயம்தான். இதுல எது நிஜமாவே அந்த நம்பரைப் பத்தி ஏதாவது சொல்லுது, எது சும்மா மேல ஒட்டின ஸ்டிக்கர்?

இதைப் பிரிச்சுப் பார்க்க 4294967297 ரொம்ப வசதியான நம்பர். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதுக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு நம்பரையும் சேர்த்துக்கலாம், ஏன்னா மூணுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வேற (5, 6, 7), ஆனா உள்ள போய்ப் பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி நடந்துக்கும்.

## முதல்ல சில வார்த்தை

1. காரணி, அதாவது ஃபாக்டர்: ஒரு நம்பரை மீதி இல்லாம வகுக்கிற நம்பர். 10-க்கு 1, 2, 5, 10.
2. பகா எண், அதாவது பிரைம்: 1-ஐயும் தன்னையும் தவிர வேற காரணி இல்லாதது. 2, 3, 5, 7, 11 இப்படிப் போகும். 1-ஐ விடப் பெருசா இருந்து பிரைம் இல்லன்னா அது பகு எண்.
3. பகாக் காரணிப்படுத்தல்: எந்த முழு எண்ணையும் (1-க்கு மேல) பிரைம்களோட பெருக்கலா ஒரே ஒரு விதமாத்தான் எழுத முடியும், வரிசையை மாத்திப் போடலாம் அவ்வளவுதான். 60-னா 2×2×3×5, வேற வழி கிடையாது.
4. மீதிக் கணக்கு: ஒரு நம்பரை 641-ஆல வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தூக்கிப் போட்டுட்டு கணக்கு போடுறது. மீதி 640 வந்தா அதை −1-னும் எழுதிக்கலாம், ரெண்டும் ஒண்ணுதான்.

மூணாவது பாயின்ட்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. ஒரு நம்பரோட குணம்னு ஏதாவது இருந்தா அது அந்தக் காரணிப் பட்டியல்லதான் இருக்கு, அதோட சைஸ்லயோ எழுதின இலக்கத்துலயோ இல்ல. நம்ம மூணு பேரோட பட்டியல் இது:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

4294967296 = 2-ஐ 32 தடவை பெருக்கினது, அதாவது 2³²

4294967297 = 641 × 6700417

முதல்ல இருக்கிறது அஞ்சு வேற வேற பிரைம், அடுத்தது ஒரே பிரைம் 32 தடவை, கடைசி ரெண்டே ரெண்டு பிரைம். ஒரே ஒண்ணு கூட்டினாப் போதும், காரணிப் பட்டியல் முழுசாக் கலைஞ்சு வேற பட்டியல் வந்துடும், அடுத்தடுத்த ரெண்டு நம்பருக்கு 1-ஐத் தவிர பொதுக் காரணியே இருக்க முடியாது.

## இந்த நம்பர் எங்கிருந்து பிரபலமாச்சு

1640-ல பியர் டி ஃபெர்மாங்கிற ஃபிரெஞ்சுக் கணிதவியலாளர் ஒரு வரிசையை வச்சு விளையாடினாரு. 2-க்கு மேல பவரா 1, 2, 4, 8, 16, 32-னு இரட்டிச்சுக்கிட்டே போட்டு, வர்றதோட 1 கூட்டணும்:

2¹+1 = 3
2²+1 = 5
2⁴+1 = 17
2⁸+1 = 257
2¹⁶+1 = 65537
2³²+1 = 4294967297

பவர் ஏன் இரட்டிச்சே போகணும்னா, பவர்ல ஒரு ஒற்றைப்படைக் காரணி இருந்தா (3, 5, 7 மாதிரி) அந்த நம்பர் தானா உடைஞ்சிடும், 2⁶+1 = 65-ஐ 2²+1 = 5 வகுக்குதுல்ல, அந்த மாதிரி. ஒற்றைப்படைக் காரணியே இல்லாத பவர் வேணும்னா 1, 2, 4, 8, 16 இதுங்க மட்டும்தான்.

முதல் அஞ்சும் பிரைம். 65537 வரைக்கும் கையாலயே செக் பண்ணிடலாம், 256 வரைக்கும் உள்ள பிரைமால வகுத்துப் பார்த்தாப் போதும், அது 54 பிரைம்தான். ஃபெர்மா இதைப் பார்த்துட்டு இந்த வரிசைல வர்ற எல்லாமே பிரைம்னு கடிதங்கள்ல எழுதினாரு, நிரூபணம் கைல இல்லன்னும் ஒத்துக்கிட்டாரு. ஆறாவதுல மாட்டிக்கிட்டாரு. நேரடியா செக் பண்ணணும்னா 65536 வரைக்கும் உள்ள பிரைம் அத்தனையாலயும் வகுக்கணும், மொத்தம் 6542 பிரைம், பத்து இலக்க நம்பர்ல பேப்பர் பென்சில வச்சுக்கிட்டு அது ஆகிற காரியமா.

90 வருஷத்துக்கு மேல யாரும் அசைக்கல. 1729 டிசம்பர்ல கோல்ட்பாக்ங்கிற கணிதவியலாளர் ஒரு கடிதத்துல இதைப் பத்தி இன்னொரு கணிதவியலாளர் லியோன்ஹார்ட் ஆய்லர்கிட்ட கேட்டாரு, 1732-ல ஆய்லர் 641-ஐக் கண்டுபிடிச்சு மொத்தக் கதையையும் முடிச்சாரு.

## 641 எப்படி மாட்டுச்சு

வகுத்து வகுத்துப் பார்த்து அதிர்ஷ்டத்துல கிடைச்சதுன்னு பல பேர் நினைக்கிறாங்க. இல்ல. தேட வேண்டிய இடத்தை முதல்லயே சுருக்கிடலாம், இந்த விஷயத்துல ரசிக்க வேண்டிய இடமே அதுதான்.

1. ஒரு பிரைம் 2³²+1-ஐ வகுக்குதுன்னு வச்சுக்கலாம். அப்போ அந்த பிரைமால வகுத்தா 2³²-க்கு மீதி −1.
2. ரெண்டு பக்கமும் ஸ்கொயர் பண்ணா 2⁶⁴-க்கு மீதி 1. மீதி 1 வர்ற மிகச் சின்ன பவர் 64-ஐ வகுக்கணும், ஆனா 32 கிடையாது (அங்க −1 வருதே), 32-ஐ வகுக்கிற 16, 8 மாதிரி சின்னதாவும் இருக்க முடியாது, இருந்தா 32-லயும் 1 வந்திருக்கும். ஆக அது சரியா 64.
3. ஃபெர்மாவோட சின்னத் தேற்றம் என்ன சொல்லுதுன்னா, ஒரு பிரைமால வகுக்கும்போது, 2-ஐ அந்த பிரைமுக்கு ஒண்ணு கம்மியான பவருக்கு உயர்த்தினா மீதி 1 (பிரைம் 2 இல்லாத வரைக்கும்). அப்படின்னா அந்த 'ஒண்ணு கம்மி' 64-ஆல வகுபடணும்.
4. ஆக நம்ம நம்பரோட எந்த பிரைம் காரணியா இருந்தாலும் 64-ஓட மடங்கு கூட்டல் 1-னுதான் இருந்தாகணும்.

இப்ப லிஸ்ட் போடுங்க. 65 பிரைம் இல்ல, 129 இல்ல, 193 பிரைம், 257 பிரைம், 321 இல்ல, 385 இல்ல, 449 பிரைம், 513 இல்ல, 577 பிரைம், 641 பிரைம். அஞ்சாவது முயற்சில மீன் சிக்கிடுச்சு. பின்னாடி லூக்காஸ் இதை இன்னும் இறுக்கி 64-க்குப் பதிலா 128-ஓட மடங்கு கூட்டல் 1-னு காட்டினாரு, அப்படிப் பார்த்தா 641 வரைக்கும் 257-உம் 641-உம் மட்டும்தான் மிச்சம், அதுலயும் 257 ஆகாது (ஏன்னு கீழ வருது), நேரா 641-தான்.

ஃபெர்மாவோட தப்பை உடைக்க உதவினதே ஃபெர்மாவோட தேற்றம், அதுவும் அவர் அதே 1640-ல எழுதினது. அவரே ஏன் இதைப் போட்டுப் பார்க்கலன்னு இன்னும் கணித வரலாறு எழுதுறவங்க பேசிக்கிட்டு இருக்காங்க.

641 நிஜமாவே வகுக்குதான்னு யாரும் செக் பண்ணிக்கலாம், பத்து இலக்க வகுத்தல் எதுவும் வேணாம், மீதிக் கணக்கு போதும்:

2⁸ = 256.
2¹⁶ = 256×256 = 65536. இதுல 641×102 = 65382 போனா மீதி 154.
2³²-க்கு 154×154 = 23716. இதுல 641×36 = 23076 போனா மீதி 640.
1 கூட்டினா 641. மீதி பூஜ்யம்.

மிச்சம் 6700417. இதுவும் உடையுமான்னு பார்க்கணும், இதோட ஸ்கொயர் ரூட் சுமார் 2588. அதுக்குள்ள 64-ஓட மடங்கு கூட்டல் 1-ங்கிற பிரைம் மொத்தமே 11-தான் இருக்கு, எதுவும் வகுக்கல, அதனால 6700417 பிரைம்.

257 ஏன் ஆகாது? இங்கதான் பக்கத்து வீட்டு 4294967295 வருது. 3×5 = 15, அது 17-ஐ விட 2 கம்மி. 3×5×17 = 255, அது 257-ஐ விட 2 கம்மி. இப்படியே அஞ்சையும் பெருக்கினா 4294967295, நம்ம நம்பரை விட 2 கம்மி. ஆக 257 இந்தப் பெருக்கலை வகுக்குது, நம்ம நம்பரையும் வகுத்தா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமான 2-ஐயும் வகுக்கணும், ஒற்றைப்படை நம்பரால அது முடியாது. 3, 5, 17, 65537-க்கும் இதே கதைதான்.

## டெஸ்ட்ல பாஸ், ஆனா பிரைம் இல்ல

பெரிய நம்பர் பிரைமான்னு பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. சின்னத் தேற்றத்தைத் திருப்பிப் போட்டு, 2-ஐ அந்த நம்பருக்கு ஒண்ணு கம்மியான பவருக்கு உயர்த்தி அந்த நம்பராலயே வகுத்தா மீதி 1 வருதான்னு பார்க்கிறது. வரலன்னா கண்டிப்பா பிரைம் இல்ல. வந்துச்சுன்னா? அனேகமா பிரைம், உறுதி கிடையாது.

4294967297 இந்த டெஸ்ட்ல பாஸ் ஆயிடும். காரணம் சிம்பிள்: இதால வகுத்தா 2³²-க்கு மீதி −1, அதனால 2⁶⁴-க்கு மீதி 1, நமக்கு வேண்டிய பவர் 4294967296, அது 64-ஓட மடங்கு, அதனால மறுபடியும் 1-தான். இது இந்த நம்பருக்கு மட்டும் இல்ல, ஃபெர்மா வரிசைல வர்ற எந்த நம்பரும், பிரைமோ இல்லையோ, 2-ஐ வச்சு டெஸ்ட் பண்ணா பாஸ் ஆகும். இப்படி ஏமாத்துற பகு எண்ணுக்குப் பேரு சூடோபிரைம், போலிப் பகா எண்ணுன்னு வச்சுக்கலாம்.

2-க்குப் பதிலா 3-ஐ எடுத்தா குட்டு உடைஞ்சிடும், மீதி 1 வராது. 1877-ல பெப்பின் இதையே ஒரு முழு டெஸ்டா ஆக்கினாரு: 3-ஐ, நம்பருக்கு ஒண்ணு கம்மியானதுல பாதி பவருக்கு உயர்த்தினா மீதி −1 வந்தா அந்த ஃபெர்மா எண் (3-ஐத் தவிர) பிரைம், வரலன்னா பகு எண், நடுவுல சந்தேகமே கிடையாது. எந்த எண்ணை வச்சு டெஸ்ட் பண்றோம்ங்கிறது எவ்வளவு முக்கியம்னு இதுக்கு மேல ஒரு உதாரணம் வேணாம்.

## ரெண்டு விதமா ஸ்கொயர் கூட்டல்

4294967297-ஐ ரெண்டு ஸ்கொயரோட கூட்டலா எழுதலாம். ஒண்ணு பார்த்தாலே தெரியும்:

65536² + 1²

இன்னொண்ணு லேசுல தெரியாது:

62264² + 20449²

கூட்டிப் பாருங்க, 3876805696 + 418161601, சரியா வரும். ஒற்றைப்படையான ஒரு பிரைமை ரெண்டு ஸ்கொயரோட கூட்டலா எழுத முடிஞ்சா அது ஒரே விதமாத்தான் முடியும், 4-ஆல வகுத்து மீதி 1 வர்ற பிரைமுக்கு மட்டும்தான் முடியும். இங்க ரெண்டு விதம் இருக்கு. அப்போ இது பிரைம் இல்லன்னு முடிவே பண்ணிடலாம், 641-ங்கிற பேரே தெரியாம.

இந்த ரெண்டாவது ஜோடி எங்கிருந்து வருது? ரெண்டு காரணியையும் ஸ்கொயரா எழுதுங்க:

641 = 4² + 25²
6700417 = 409² + 2556²

ரெண்டு ஸ்கொயர் கூட்டலை இன்னொரு ரெண்டு ஸ்கொயர் கூட்டலால பெருக்கினா வர்றதும் ரெண்டு ஸ்கொயர் கூட்டல்தான், பிரம்மகுப்தர் பேரால சொல்ற சூத்திரம் இது, அதுவும் ரெண்டு விதமா சேர்க்கலாம்.

ஒரு விதம்: 4×409 + 25×2556 = 1636 + 63900 = 65536. கூடவே 25×409 − 4×2556 = 10225 − 10224 = 1.

இன்னொரு விதம்: 63900 − 1636 = 62264. கூடவே 10225 + 10224 = 20449.

அந்த 65536-உம் 1-உம் ஏதோ தற்செயலா வந்த மாதிரி இருந்துச்சே, 10225-க்கும் 10224-க்கும் நடுவுல இருக்கிற ஒத்தை வித்தியாசம்தான் அந்த 1. இது முழுக்க முழுக்க காரணிகளோட வேலை. நம்ம நம்பர்ல பார்க்க வேண்டிய பண்பு ஒண்ணே ஒண்ணுன்னா நான் இதைத்தான் சொல்லுவேன்.

## காரணி தெரிஞ்சதும் தானா வர்ற லேபிள்கள்

லிஸ்ட்ல முக்கால்வாசி லேபிள் காரணிப் பட்டியலைப் பார்த்து ஒரு நிமிஷத்துல எழுதிடலாம்.

1. செமிபிரைம்: ரெண்டு பிரைமோட பெருக்கல். 4294967297 செமிபிரைம், மத்த ரெண்டும் இல்ல.

2. ஸ்கொயர்ஃப்ரீ: எந்த பிரைமும் ரெண்டு தடவை வரக் கூடாது. ...95-உம் ...97-உம் ஸ்கொயர்ஃப்ரீ. ...96 அதுக்கு நேர் எதிர், அது 65536-ஓட ஸ்கொயரே.

3. காரணி எண்ணிக்கை: ...97-க்கு 4. ...95-க்கு அஞ்சு பிரைமையும் எடுக்கலாம் விடலாம்னு 2×2×2×2×2 = 32. ...96-க்கு 1, 2, 4, 8-னு போய் 33.

4. குறைவெண், நிறைவெண், மிகையெண்: தன்னைத் தவிர மத்த காரணியெல்லாம் கூட்டினா தன்னை விடக் கம்மியா, சமமா, ஜாஸ்தியாங்கிறது. 6-க்கு 1+2+3 = 6, நிறைவெண். 12-க்கு 16, மிகையெண். நம்ம மூணுமே குறைவெண்தான், லேபிள் மூணுக்கும் ஒண்ணுதான், ஆனா அந்த லேபிள் எவ்வளவு விஷயத்தை மறைக்குதுன்னு பாருங்க. 4294967297-க்குக் கூட்டுத்தொகை 1+641+6700417 = 6701059, தன்னோட அளவுல 0.16 சதவீதம் கூடத் தேறல. 4294967295-க்கு 3009636033, சுமார் 70 சதவீதம். 4294967296-க்கு 4294967295, ஒண்ணே ஒண்ணு குறையுது. இந்த மாதிரி ஒண்ணு மட்டும் குறையுறதை ஆல்மோஸ்ட் பெர்ஃபெக்ட்னு சொல்றாங்க, 2-ஓட பவர் எல்லாமே இப்படித்தான், வேற எந்த நம்பராவது இப்படி இருக்கான்னு இது வரைக்கும் யாருக்கும் தெரியாது.

5. டோஷன்ட்: 1-லேர்ந்து அந்த நம்பர் வரைக்கும், அதோட 1-ஐத் தவிர வேற பொதுக் காரணி இல்லாத நம்பர் எத்தனை. 10-க்கு 1, 3, 7, 9-னு 4. ஒரு பிரைம் ஒரே தடவை வந்தா, அதுல 1 கழிச்சதைப் பெருக்கிக்கணும். 4294967295-க்கு 2×4×16×256×65536, அதாவது 2³¹, 2147483648. 4294967296-க்கு பாதி ஒற்றைப்படை, அதுவும் 2147483648. அடுத்தடுத்த ரெண்டு நம்பருக்கு ஒரே டோஷன்ட், அதுவும் சுத்தமான 2-ஓட பவர். 4294967297-க்கு 640×6700416 = 4288266240, இதுக்குள்ள 5 ஒளிஞ்சிருக்கு.

டோஷன்ட்டை சாதாரணமா நினைக்காதீங்க. நம்பரும் டோஷன்ட்டும் தெரிஞ்சா செமிபிரைமை உடனே உடைச்சிடலாம்: நம்பரோட 1 கூட்டின 4294967298-லேர்ந்து டோஷன்ட் 4288266240 போனா 6701058, அதுதான் ரெண்டு காரணியோட கூட்டல், பெருக்கல் ஏற்கெனவே தெரியும், ஸ்கூல்ல படிச்ச இருபடிச் சமன்பாடு மிச்சத்தைப் பார்த்துக்கும். இணையத்துல ரகசியத் தகவலைப் பூட்டுற ஆர்எஸ்ஏ குறியாக்கம் முழுக்க இதை மறைச்சு வைக்கிறதுலதான் நிக்குது, அங்க இருக்கிற செமிபிரைம் இப்பல்லாம் 617 இலக்கம் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். அதே ஆர்எஸ்ஏல பொதுச் சாவிக்குள்ள வழக்கமா உக்காந்திருக்கிற நம்பர் 65537, நம்ம வரிசைல கடைசியாத் தெரிஞ்ச பிரைம்.

## எழுதுற முறை மாறினா ஓடிப்போற லேபிள்கள்

இன்னொரு வகை லேபிள் இருக்கு, அது நம்பரைப் பத்தியே இல்ல, நம்ம அதை 0-லேர்ந்து 9 வரைக்கும் பத்து இலக்கம் வச்சு எழுதுறதைப் பத்தி. சோதிக்க ஒரே வழி: நம்பரை பைனரில, 0-வும் 1-உம் மட்டும் வச்சு, எழுதிப் பாருங்க. லேபிள் நின்னா அது நம்பரோடது, ஓடிட்டா அது எழுத்தோடது.

மகிழ்ச்சி எண்: இலக்கங்களை ஸ்கொயர் பண்ணிக் கூட்டணும், வர்றதை மறுபடியும் அப்படியே பண்ணணும், கடைசில 1 வந்தா மகிழ்ச்சி, வரலன்னா சோகம். 4294967297-க்கு 417, 66, 72, 53, 34, 25, 29, 85, 89-னு போய் 89-லேர்ந்து சுத்திச் சுத்தி அங்கயே வரும், சோகம். 4294967296-க்கு 404, 32, 13, 10, 1, மகிழ்ச்சி. 4294967295 மறுபடியும் சோகம். 2³²-க்கு அப்படி என்ன சந்தோஷம்? ஒண்ணும் இல்ல. பைனரில எழுதினா மூணுமே மகிழ்ச்சி எண்தான், ஏன்னா பைனரில எல்லா நம்பருமே மகிழ்ச்சி எண். இந்த லேபிளை வச்சு ஒரு முடிவும் பண்ண முடியாது.

ஹர்ஷத் எண்: கப்ரேகர் வச்ச பேரு. இலக்கக் கூட்டுத்தொகையால நம்பர் வகுபடணும். நம்ம நம்பருக்குக் கூட்டுத்தொகை 59, வகுக்காது.

ஸ்மித் எண்: நம்பரோட இலக்கக் கூட்டலும் அதோட பிரைம் காரணிகளோட இலக்கக் கூட்டலும் சமமா இருக்கணும். 1982-ல ஆல்பர்ட் விலான்ஸ்கி தன்னோட மச்சானோட டெலிபோன் நம்பர் 4937775 இப்படி இருக்குன்னு பார்த்து அவர் பேரையே வச்சுட்டாரு. 641-க்கு 11, 6700417-க்கு 25, சேர்த்து 36, நமக்கு வேண்டியது 59. ஆகல.

பாலிண்ட்ரோம்: பத்து இலக்கத்துல எழுதினா இல்ல. பைனரில எழுதினா 1, அப்புறம் 31 பூஜ்யம், அப்புறம் 1. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒண்ணுதான். இதை வச்சுத்தான் ஈவில் எண்ணும் வருது, பைனரில 1-ஓட எண்ணிக்கை இரட்டைப்படையா இருந்தா ஈவில், இங்க ரெண்டு. பேரைப் பார்த்து பயப்பட ஒண்ணும் இல்ல.

## விளைவு ஒண்ணு: வரைய முடியிற பலகோணம்

குறி இல்லாத ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வச்சு எத்தனை பக்கம் உள்ள ஒழுங்கான பலகோணம் வரையலாம்ங்கிறது பழைய கிரேக்கக் கேள்வி. 3, 5 முடியும், 7 யாருக்கும் முடியல. 1796-ல, 20 வயசு கூட ஆகாத காஸ், 17 பக்கம் முடியும்னு காட்டினாரு, ஒற்றைப்படைப் பக்கத்துக்கு விதி என்னன்னா வேற வேற ஃபெர்மா பிரைம்களோட (ஃபெர்மா வரிசைல வர்ற பிரைம்) பெருக்கலா இருக்கணும். அது தவிர வேற எதுவும் முடியாதுன்னு 1837-ல வான்ட்செல் நிரூபிச்சாரு. 9 முடியாது, ஏன்னா 3 ரெண்டு தடவை வருது.

தெரிஞ்ச ஃபெர்மா பிரைம் அஞ்சுதான். அஞ்சையும் எடுக்கலாம் விடலாம்னு 32 சேர்க்கை, எதுவுமே எடுக்காததை விட்டா 31. ஆக வரைய முடியிறதா தெரிஞ்ச ஒற்றைப்படைப் பலகோணம் 31, அதுல பெருசு 4294967295 பக்கம். டோஷன்ட் சுத்தமான 2-ஓட பவரா இருந்துச்சே, அதேதான் வரைய முடியும்ங்கிறதுக்கு நிபந்தனையும். 4294967296 பக்கமும் முடியும், சதுரத்தை எடுத்துக் கோணத்தைப் பாதி பாதியா வெட்டிக்கிட்டே போனாப் போதும். 4294967297 பக்கம் முடியாது, அந்த டோஷன்ட்டுக்குள்ள இருந்த 5 தடுத்துடும். ஃபெர்மா சொன்னது சரியா இருந்திருந்தா அதுவும் முடிஞ்சிருக்கும், ஒரே ஒரு காரணி 641 அந்தக் கதவை மூடிடுச்சு.

## விளைவு ரெண்டு: கம்ப்யூட்டர்

32 பிட்ல, அதாவது 0 இல்லன்னா 1 போடுற 32 இடத்துல, 0-லேர்ந்து 4294967295 வரைக்கும்தான் எழுத முடியும், மொத்தம் 4294967296 நம்பர். அதுக்கு மேல ஒண்ணு கூட்டினா பூஜ்யத்துக்குத் திரும்பிடும், அப்போ 4294967297-ஐ அங்க திணிச்சா 1-னு பதிவாகும். செய்தில அடிக்கடி வர்ற பல விவகாரம் இதுதான்:

1. இணையத்துல இருக்கிற கருவிகளுக்குக் கொடுக்கிற ஐபி நாலாம் பதிப்பு முகவரி மொத்தம் 4294967296. 2011 பிப்ரவரி 3-ல உலக அளவுல கைல இருந்த கடைசித் தொகுதிகளையும், முகவரி பங்கிடுற அமைப்பான ஐயானா பிரிச்சுக் கொடுத்து முடிச்சிடுச்சு.
2. ஃபேட்32 முறைல ஃபார்மட் பண்ண பென் டிரைவ்ல ஒரு ஃபைல் 4294967295 பைட்டுக்கு மேல போகாது, அதான் 4 ஜிபி படத்தைக் காப்பி பண்ணா மாட்டேங்குது.
3. விண்டோஸ் 95, 98-ல மில்லிசெகண்ட் எண்ணுற கவுன்டர் 4294967296-ல திரும்பிடும், கணக்குப் போட்டா சுமார் 49.7 நாள், அதுக்கு மேல நிறுத்தாம ஓடினா சிஸ்டம் நின்னு போச்சு.
4. 1970-லேர்ந்து செகண்ட் எண்ணுற கடிகாரத்துல ஒரு பிட்டை மைனஸ் குறிக்கு விட்டுட்டா 2038 ஜனவரி 19 வரைக்கும்தான் தாங்கும், குறி இல்லாம எண்ணினா 2106 பிப்ரவரி வரைக்கும் போகும்.

இந்த எல்லையெல்லாம் 2³²-ங்கிற சைஸால வர்றது, பிரைமா பகு எண்ணாங்கிறதோட சம்பந்தமே இல்ல. ரெண்டையும் கலந்து, 4294967297 ஏதோ கம்ப்யூட்டருக்கு ஆகாத நம்பர்னு சொல்றது தப்பு. 32 பிட்ல அடங்குற பெரிய பிரைம் எதுன்னு கேட்டா அது 4294967291, அது தனி விஷயம்.

## அடுத்து என்ன

ஃபெர்மா வரிசைல 65537-க்கு அப்புறம் ஒரு பிரைம் கூட இது வரைக்கும் கிடைக்கல. நம்ம நம்பருக்கு அடுத்தது 2⁶⁴+1 = 274177 × 67280421310721. பவரை இரட்டிச்சுக்கிட்டே போய் 4294967296-ஐயே பவராப் போட்டா வர்ற நம்பருக்கு சுமார் 129 கோடி இலக்கம், அதுக்கும் 25409026523137-னு ஒரு காரணி சிக்கிடுச்சு, அதனால அதுவும் பகு எண். அது வரைக்கும் உள்ள எல்லாத்துக்கும் பிரைமா இல்லையாங்கிற பதில் தெரியும். காரணி முழுசாத் தெரிஞ்சது 2²⁰⁴⁸+1 வரைக்கும்தான்.

நடுவுல வேடிக்கையா ரெண்டு இருக்கு: 2-ஐ இருபது தடவை பெருக்கினதைப் பவரா வச்சா ஒண்ணு, இருபத்திநாலு தடவை பெருக்கினதைப் பவரா வச்சா இன்னொண்ணு. பெப்பின் டெஸ்ட் போட்டு ரெண்டும் பகு எண்ணுன்னு நிரூபிச்சாச்சு, ஆனா ஒரு காரணி கூட யாருக்கும் தெரியாது. பகு எண்ணுங்கிற லேபிள் இருக்கு, காரணிப் பட்டியல் காலி. 129 கோடி இலக்க நம்பருக்கு அடுத்து வர்றதுக்கு சுமார் 258 கோடி இலக்கம், அதுக்கு அந்த லேபிளே இன்னும் ஒட்டல. பெப்பின் டெஸ்ட் ஓட்ட அது ரொம்பப் பெருசு, அதனால ஆய்லர் பண்ண மாதிரியே சின்னக் காரணி ஏதாவது சிக்குதான்னு ஒவ்வொண்ணா வகுத்துத் தேடிக்கிட்டு இருக்காங்க.